மாபாக்கோவின் எஃப்

செதுன்யா பத்தொன்பது வருஷமாக ஈஸ்டர் மாநாட்டுக்குப் போய் வருகிறாள். மாநாட்டை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. செரோவே என்ற ஊரில் பெரிய கூடாரத்துக்குள் இருபத்துமூன்று சபைகளும் ஒன்றையொன்று மிஞ்சப் பாடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவள் கூடாரத்துக்குப் பின்னால் மூன்றுகால் பானைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் ஊரான மொஷூபாவின் சபையில் சோளக்களி கிண்ட அவளை விட்டால் ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவளை அந்தப் பானையோடு கட்டிப்போட்டுவிட்டார்கள் என்பேன் நான்.

மூத்த மகன் பாக்கோ என்பதால் ஊருக்கு அவள் மாபாக்கோ. நாற்பத்தேழு வயது. சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

பிப்ரவரியில் சபையின் கிட்டார்க்காரன் பென்யோவுக்கு ஒராபா வைரச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. கிட்டாரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செதுன்யா நேரே பாடகர் குழுத் தலைவர் செலாட்டோவிடம் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். வாழ்க்கையிலும் அப்படித்தான்.

"ரா செலாட்டோ, அந்தக் கிட்டாரை நான் கத்துக்கட்டுமா?" ரா என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கத்துக்கிட்டு?"

"ஈஸ்டருக்கு வாசிக்கிறேன்."

"அப்ப களி யாரு கிண்டுறது?"

"களி கிண்டத் தெரிஞ்சவங்க எட்டுப் பேரு இருக்காங்க. கிட்டார் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தாச் சொல்லுங்க, நான் பேசாம போயிடுறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நிபந்தனை போட்டார். "மாநாட்டுப் பாட்டுல மூணே மூணு கோர்டுதான், மூணு சுரக்கூட்டு. சி, ஜி, எஃப். மூணும் சுத்தமா விழணும். ஆறு வாரம் தர்றேன். இன்னொண்ணு, கையைக் கீழேருந்து பிடிக்கணும். பீர்க்கடை வாசல்ல வாசிக்கிறானுங்களே, அந்த மாதிரி மேலேருந்து கவுத்துப் போடக் கூடாது. பிஷப் எதிர்ல உக்காந்திருப்பாரு."

எங்கள் பக்கத்தில் பீர்க்கடைக் கிட்டார்க்காரர்கள் எல்லாருமே இடது கையைக் கழுத்துக்கு மேலாகப் போட்டுத்தான் கம்பியை அழுத்துவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை அந்த வாசிப்புக்குத் தெருவில் இறங்கி ஆடுகிற அதே ஜனம்தான் ஞாயிற்றுக்கிழமை அது சபைக்கு ஆகாது என்கிறது.

செதுன்யா கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போனில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடம் நடத்தினான். நான்கு நாளில் சி வந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஜி. பிறகு எஃப் வந்தது, அதாவது வரவில்லை. "ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தில் ஆறு கம்பி மேலும் படுக்கப் போடுங்கள், அவ்வளவுதான்" என்று அந்தப் பையன் பல்லைக் காட்டினான். அவள் படுக்கப் போட்டாள். தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று கம்பி ஊமை, இரண்டு கம்பி முனகல். ஒரே ஒரு கம்பி மட்டும் மரியாதையாகப் பேசியது.

புதிதாகக் கற்பவர்கள் விரல் நுனி எரிகிறது என்று அழுவார்கள். சூடான பானையைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன விரல் அவளுக்கு, எரிச்சலே தெரியவில்லை. மணிக்கட்டுதான் சண்டித்தனம் செய்தது. கீழே வளைத்துத் திருப்பினால் பாதியில் நின்றுகொண்டு, இதற்குமேல் முடியாது என்றது. அவளும் விடவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த ஈ கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மொலெஃபே, தன் கோழி அடைகாக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டதாக வேலியோரம் வந்து முறையிட்டார்.

அவளோடு சமைக்கும் மாகொராட்டா ஒருநாள் பார்க்க வந்தாள்.

"ஏம்மா, உன் கிட்டாருக்கு வயிறு சரியில்லையா? இந்த முக்கு முக்குது."

"சிரி, சிரி. ஈஸ்டருக்கு நீ வெளிய நின்னு கேப்பே பாரு."

"எதுக்குடி இந்தப் பாடு? பேசாம பானையைப் பிடி. அதுக்கு எஃப்பும் கிடையாது, ஜியும் கிடையாது."

செதுன்யா சிரிப்பை நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து கேக்கணும், மாகொராட்டா. ரெண்டாயிரம் பேரு பாடுறாங்க. எனக்குப் புகைக்குள்ளேருந்து பாதிதான் கேக்குது. கேட்டுக் கேட்டு எனக்குக் கோவம் வருது, அழுகையும் வருது."

மாகொராட்டா அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. ஒரு நிமிஷத்துக்கு.

ஐந்தாவது வாரம் ஒரு சாவு வீட்டில் சமையல். துணியைச் சுற்றிய இடது கையால் பானை விளிம்பை மேலிருந்து அமுக்கிப் பிடித்து, வலது கையால் நாள் பூராவும் களி கிண்டினாள். வீடு திரும்பி, அலுப்பில் நாற்காலியில் சரிந்து, கிட்டாரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கை பழக்கதோஷத்தில் கிட்டாரின் கழுத்தையும் மேலிருந்தே அமுக்கியது. வலது கையால் ஒரு தட்டு தட்டினாள்.

எஃப்! ஆறு கம்பியும் கணீரென்று பேசின.

இன்னொரு தரம் தட்டினாள். அப்புறம் இருபது தரம். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். மொலெஃபே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அப்பாடா!" என்று கத்தினார். செலாட்டோ போட்ட நிபந்தனை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

சோதனை நாள் வந்தது. பாடகர் குழு முழுக்க வரிசையில் நின்றது. செதுன்யா கையைக் கீழிருந்து பிடித்தாள். சி நன்றாக விழுந்தது, ஜியும் விழுந்தது. எஃப்பில் அதே ஈ. செலாட்டோ, "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவையும் ஈதான். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். கோபமாக மூடவில்லை, வருத்தமாகத்தான் மூடினார். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"பரவாயில்ல மாபாக்கோ. உன் களிய அடிச்சுக்க ஆளே இல்ல, உனக்கே தெரியும்."

அந்தப் பாராட்டைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ பொங்கியது. கையை வெளியே எடுத்தாள், கிட்டாரின் கழுத்துக்கு மேலாகக் கவிழ்த்தாள், பாட்டை ஆரம்பத்திலிருந்து பிடித்தாள். சி, எஃப், சி, ஜி. ஒவ்வொன்றும் கல் மாதிரி விழுந்தது. ஆண்கள் வரிசையில் ஒருவன் தன்னையறியாமல் பாடத் தொடங்கினான். பெண்கள் இடுப்பை அசைத்தார்கள். செலாட்டோ கையை உயர்த்தும்வரை அவள் நிறுத்தவில்லை.

"நான் என்ன சொன்னேன் மாபாக்கோ?"

"கீழேருந்துன்னு சொன்னீங்க, ரா. அஞ்சு வாரம் முட்டிப் பாத்துட்டேன். என் மணிக்கட்டு அப்படிப் போகாது. பாட்டு சுத்தமா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"பாட்டு சுத்தமாத்தான் இருக்கு. பிஷப் என்ன நினைப்பாரு?"

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற மாகொராட்டா வாயைத் திறந்தாள். "பிஷப் கிடக்கட்டும் ரா. ஆண்டவர் எங்க இருக்காரு? மேலதான? மேலேருந்து வாசிச்சா அவருக்கு விரல் நல்லாத் தெரியுமில்ல?"

குழு வெடித்துச் சிரித்தது. செலாட்டோ உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. "பிஷப் கேட்டா இந்தப் பதில நீதான் சொல்லணும், மாகொராட்டா."

"தாராளமா. ரெண்டு அகப்பை களியோட சேத்தே சொல்றேன்."

செரோவேயில் மொஷூபா சபையின் முறை மதியத்துக்குச் சற்று முன்னால் வந்தது. செதுன்யா மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் பிஷப், அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். முதல் எஃப் விழுந்ததும் பிஷப் அவள் கையை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது.

கடைசிச் சரணம் தொடங்கியபோது செதுன்யா விருட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். வருஷா வருஷம் அந்தப் பாட்டோடுதான் மதியச் சாப்பாட்டுக்கு விடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சரணம் காதில் விழுந்தால் அவள் உடம்புக்கு ஒரே வேலைதான். பானை மூடியைத் திற, தட்டுகளை அடுக்கு, ஜனம் வந்துவிடும். கால் தானாக எழுந்துகொண்டது. நல்லவேளை, கை எஃப்பை விடவில்லை. ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று அவள் விழிப்பதற்குள் செலாட்டோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எல்லாரும் எழுந்து பாடவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கூடாரத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார். பிஷப் எழுந்தார். முன்வரிசை எழுந்தது. இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று, நான்கு குரல்வரிசையாக அந்தச் சரணத்தைப் பாடினார்கள்.

முழுசாகக் கேட்டாள். மேடைப் பலகை அவள் காலடியில் அதிர்ந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் வேலையாக இருந்தன. சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

பாட்டு முடிந்து ஜனம் சாப்பிடப் போனது. கூடாரம் காலியான பிறகும் அவள் அப்படியே நின்றாள். படுதாவை விலக்கி மாகொராட்டா, வியர்வையும் புகையுமாகத் தலையை நீட்டினாள்.

"மாபாக்கோ! அங்க என்ன சிலையாட்டம் நிக்கிறே? வாசிச்சவளுக்குன்னு தனியாத் தட்டெல்லாம் வராது. வந்து வரிசையில நில்லு!"

செதுன்யா வெளியே போனாள். வரிசை வேப்பமரம் தாண்டி நீண்டிருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் போய், கையில் தட்டோடு நின்றாள்.