பச்சைச் செங்கல்லும் ஊசியக்காவும்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. தையல்காரி என்பதற்காக மட்டும் வைத்த பெயரல்ல; ஒன்றில் இறங்கிவிட்டால் மறுபக்கம் வராமல் விடமாட்டாள். பத்தொன்பது வயதில் தாயை இழந்து, பள்ளிச் சீருடை தைத்தே தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியவள்.

அந்தத் தங்கைக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. "ஏழு நாளில் அனுப்பிடுவோம். ஆனா அறை கதகதப்பா இருக்கணும்" என்றார் டாக்டர். ஊசியக்கா வீட்டு முன்னறையிலோ மலைக்குளிரில் பேசினால் வாயிலிருந்து ஆவி பறக்கும். அன்றே ஒரு விறகு அடுப்பு வாங்கினாள். இரும்புப் பெட்டி, கூரைவரை குழாய், உள்ளே வெப்பம் தாங்கும் செங்கல்.

பொருத்திய மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்: "செங்கல் இன்னும் பச்சையாத்தான் இருக்கும்மா, உள்ள ஈரம் போகல. எடுத்த எடுப்புல பெருசா எரிச்சா வெடிச்சிடும். மூணு நாள் சின்னத் தீ, தினம் கொஞ்சம் கூட்டுங்க. இரும்புல பூசின பெயிண்ட் சூடாகி நாத்தம் வரும், ஜன்னலைத் திறந்து வைங்க."

முதல் நாள் அரைமணி நேரம் சுள்ளி எரித்தாள். மறுநாள் அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது, லாரி ஓட்டிவிட்டுக் குளிரில் விறைத்துப்போய் வந்த தம்பி மூன்று தடிக்கட்டைகளை உள்ளே திணித்துவிட்டான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே 'படீர்' என்றது. பின்பக்கச் செங்கல் இரண்டு துண்டு.

"இரும்புதானேக்கா, இதைப் போய்த் தாலாட்டுவாங்களான்னு நினைச்சேன்..."

"நினைச்சதெல்லாம் போதும். இடுக்கியை எடு."

ஆறியதும் உடைந்த செங்கலைத் துணியில் சுற்றிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனாள். அதே அளவில் ஒன்றை வாங்கி வந்து தானே பொருத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து சுள்ளி. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, திறந்த ஜன்னலருகே உட்கார்ந்து தைத்தாள். இரண்டாம் தீயும் ஆறியது.

அப்போது தங்கை போன் செய்தாள். "அக்கா! ஏழு நாள் வேணாமாம், நாளைக்கே அனுப்பறாங்களாம்!"

ஊசியக்கா அடுப்பைப் பார்த்தாள். இன்னும் ஒரு தீ பாக்கி. அறை முழுக்க பெயிண்ட் நெடி.

"நாளைக்கு வேணாம். ஒரு நாள் கழிச்சு வா."

"வார்டுல எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. நான் மட்டும் இங்க கிடக்கணுமா?"

"கிடக்கணும். டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

மறுமுனையில் அழுகை. ஊசியக்கா சொன்னதை மாற்றவில்லை. போனை வைத்ததும் டாக்டரை அழைத்துப் பேசினாள்.

மறுநாள் மூன்றாம் தீ. அதற்கு அடுத்த காலை தடிக்கட்டைகளை அடுக்கிக் கதவைச் சாத்தினாள். தீ குமுறிப் பிடித்தது. காதை வைத்துக் கேட்டாள். ஒரு விரிசல் சத்தமில்லை. நெடியும் போயிருந்தது.

மதியம் தங்கை உம்மென்ற முகத்துடன் வந்தாள். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அறைக்குள் நுழைந்தவள் நின்றாள். சால்வையை எடுத்தாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், குழந்தையின் தொப்பியையும் மெல்ல உருவினாள்.

"இருந்தாலும் ஒரு நாள் என்னை அங்கயே விட்டுட்டியே."

"விட்டேன்தான்" என்றாள் ஊசியக்கா. "இப்ப குழந்தையைக் குடு. நீ போய்ப் படு."