அத்தான் மாற்றி வைத்த அவரை

என் அக்காவின் பிடிவாதத்துக்கு அளவே கிடையாது. நாற்று வளர்க்கக் கடையில் உரமண் வாங்கவே மாட்டாள். மாடுகள் படுக்கப் பரப்பி, சாணியும் மூத்திரமும் ஊறிப்போன வைக்கோலைப் பால்பண்ணைக்காரர் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவார். அதைக் குவித்து, நனைத்து, மாதக்கணக்கில் புரட்டிப் புரட்டி மக்க வைத்து, சலித்து நாற்றுத் தட்டுகளில் நிரப்புவாள். தெருவில் அவளுக்குக் குப்பைக்காரி என்றே பெயர். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்பாள்.

எனக்கும் அவள்தான் கதி. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் போன பருவம் ஒன்றும் நட முடியவில்லை. இந்த முறையும் சும்மா போட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தக்காளி நாற்று மொத்தமும் அக்கா பொறுப்பு.

அக்கா ஏனோதானோவென்று செய்கிறவள் இல்லை. வைக்கோல் வந்த வயலில் களைக்கொல்லி அடித்திருந்தால், அந்த விஷம் மக்க வைத்தாலும் போகாமல் நாற்றைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, கப்புகளில் அவரை விதை போட்டுப் பார்ப்பாள். இலை சுருளாமல் வந்தால்தான் தக்காளி. இந்தத் தடவையும் அவரை தளதளவென்று நின்றது. நம்பி விதைத்தாள்.

தக்காளி முளைத்தது. அப்புறம் வந்த இலையெல்லாம் விரலை மடக்கியது மாதிரி சுருண்டுகொண்டது. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. மறுபடி விதைக்கப் பருவமும் இல்லை.

"அவரை நல்லாத்தானே வந்துச்சு?" அக்கா அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... உன் தங்கச்சிக்குக் காய்ச்சல்னு நீ போய்த் தங்கியிருந்தியே, அப்போ அவரை சுருண்டு போச்சு. பாத்தா நீ சோறு தண்ணி இல்லாம கிடப்பே. அதான் கடை மண்ணுல வேற போட்டு வச்சேன். மேலாக்க மட்டும் நம்ம குப்பையைத் தூவிவிட்டேன்."

அடக் கடவுளே! நல்ல மனசு என்று இதைக் கொண்டாடச் சொல்கிறீர்களா?

"பாழாப்போன பாசம்! யாரு கேட்டா உங்ககிட்ட? என் நிலம் போச்சே அத்தான்!" என்று கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. அத்தானையே பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நான் எது செஞ்சாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொல்றீங்களே. அதுல எதெல்லாம் நிஜம்?"

அத்தான் குனிந்து நாற்றுத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

நிலத்துக்காரரிடம் போய் நிற்கவேண்டியது நான்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "சொல்லுங்க" என்று அக்கா மறுபடியும் கேட்டது காதில் விழுந்தது.