"எங்க தாயி போற?"

மதுரையில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் 'ஹிண்டர்' என்ற சொல் வந்தது. இடைஞ்சல் பண்ணுவது, போகவிடாமல் தடுப்பது என்று அர்த்தம் சொன்னேன். உதாரணத்துக்குப் புத்தகத்தில் இருந்தது, பனி விழுந்து ரயில் நின்ற கதை. மதுரையில் எந்த ரயிலைப் பனி நிறுத்தியது? எரிச்சலாக வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, "மை ஃபாதர் ஹிண்டர்டு மீ" என்று போர்டில் எழுதினேன்.

"என்னா மிஸ், பெத்த அப்பாவப் போயி இப்பிடி எழுதுறீங்க?" என்றாள் முதல் வரிசைப் பெண்.

அந்தச் சொல் எதிரிக்கு மட்டும்தானா? யார் தடுத்தார்கள், எதற்குத் தடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால், கிளம்பியவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் போக வேண்டும். ஊருக்கே தெரிந்த இது அப்பாவுக்கு மட்டும் நினைவில் நிற்காது. மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டே, வாசலைத் தாண்டும் என்னைக் கேட்டுவிடுவார். அம்மா கத்துவாள். நான் காலேஜ் பையோடு உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். அதற்குள் டவுன் பஸ் போயிருக்கும். எத்தனை நாள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! இப்போது அப்பா இல்லை. பஸ் எதுவும் தவறுவதில்லை. தவறினால் தேவலை என்று இருக்கிறது.

காலேஜ் முடித்ததும் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று ராத்திரி மதுரையில் ரயில், மறுநாள் காலையில் வேலையில் சேர வேண்டும். சாயங்கால பஸ்ஸை விட்டால் ரயிலும் போச்சு, வேலையும் போச்சு. அப்பாவுக்கு நான் போவதில் இஷ்டமே இல்லை. ஆனாலும் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா காலையிலேயே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு மட்டும் வாயத் தொறந்துறாதீக. புள்ள நல்லபடியாப் போயிச் சேரட்டும்."

அவரும் திறக்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"போயிட்டு வாரேம்ப்பா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் நகர்ந்தது. அப்பா கூடவே நடந்தார், பிறகு ஓடினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டார்.

"எங்க தாயி போற?"

எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியாதா? பஸ்ஸில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்.

"ஏண்ணே, கெளம்புற புள்ளயப் பாத்து இப்பிடியா கேப்பீக? தாயி, நீ ஒரு வாய் தண்ணியக் குடி. குடிச்ச பெறகுதேன் வண்டிய எடுப்போம்."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அப்பாவின் கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாய்த் தண்ணீரை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன்.