அவருக்கு மிஞ்சிய மொழி

பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் நாங்கள் எல்லோரும் பாஸான பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வோம். கணக்கு சார் மட்டும் பள்ளியில் இருக்கமாட்டார். யார் யார் ஃபெயில் என்று கேட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். அந்த வீடுகளில் போய் உட்கார்ந்து டீ கேட்பார். அப்பன்காரன் வேலையிலிருந்து வந்து, விஷயம் தெரிந்து, கத்தி ஓயும்வரை எழுந்திருக்கமாட்டார். தன் வகுப்பில் தோற்ற பிள்ளை எதுவும் அன்றைக்கு அடி வாங்கக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

புனேயில் அதே பள்ளியில் நான் ரசாயனம் நடத்தினேன். ஆசிரியர் அறையில் தமிழர்கள் நாங்கள் இருவர்தான். இருந்தும் இந்தியிலேயே பேசிக்கொள்வோம், பழக்கம் அப்படி. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளம் வயதில் பட்டாளத்துக்குப் போனவர் அவர். அங்கிருந்தபடியே தபாலில் பட்டம் படித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, பி.எட். முடித்து ஆசிரியரானார். மனைவி புனேக்காரர், வீட்டில் மராத்தி. மகளைப் பொறுத்தவரை தமிழ் என்பது அப்பா ஊருக்கு போன் செய்யும்போது பேசுகிற பாஷை.

சாருக்கு இடது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. பனியில் போய்விட்டது என்பார். குடியரசு தினத்தன்று பட்டாளத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், "அங்கே ரொம்பக் குளிரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கை தட்டுவார்கள்.

ஒரு வருடம் முடிவு நாளில் நானும் அவரோடு தாபோடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். தோற்றிருந்த அந்த வீட்டுப் பெண் காலையிலிருந்தே அறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தாள். தாய் அழுதுகொண்டிருந்தாள். சார் கதவோரம் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே ஜன்னல் இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா, தாகமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அவள் கதவைத் திறந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு திருப்புளி வாங்கி அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தகப்பன் முறைத்தான். சார் அதைக் கண்டுகொள்ளவில்லை. திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. பாலம் வரை தள்ளிக்கொண்டே நடந்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு சாங்வியில் தன் வீட்டிலேயே, பரீட்சையை மறுபடி எழுதுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. சில நாள் கழித்து மகள் எனக்கு போன் செய்தாள். அப்பா ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், டாக்டர் அர்த்தமில்லாத சத்தம் என்கிறார், எனக்கென்னவோ தமிழ் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் வரமுடியுமா ஆன்ட்டி என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பக்கம் செயலற்றுக் கிடந்தார். வாய் கோணியிருந்தது. ஆனால் சொற்கள் விளங்கின. பள்ளியில் நான் ஒருநாளும் கேட்டிராத அவர் ஊர்ப் பேச்சு.

"தட்டுறாங்க சார். தோ, இன்னும் தட்டுறாங்க. ரெண்டு பேரும் உசுரோட கீறாங்க."

அது தமிழ்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சிலருக்கு முதலில் கற்ற மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு என்றார். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் போய்விட்டிருந்தன. மனைவியும் மகளும் பேசினால் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பள்ளி முடிந்ததும் தினமும் போக ஆரம்பித்தேன். அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் மெல்லக் கோத்துப் புரிந்துகொண்டேன். மலை உச்சியில் ஒரு காவல் முகாம். பனி சரிந்து ஒரு பதுங்குகுழி மூடிக்கொண்டது. உள்ளே இரண்டு பேர். இவர் கையாலும் மண்வாரியாலும் தோண்டியிருக்கிறார். உள்ளிருந்து தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. மேலே இன்னொரு சரிவு தொங்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கீழே இறங்கவேண்டும் என்று மேலதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது. இவர் இறங்கினார். மறுநாள் போனபோது சத்தம் இல்லை.

"என்ன சொல்றார்?" என்று மனைவி மராத்தியில் தினமும் கேட்பார். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை மடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தங்கள் வீட்டில் உள் கதவு எதற்கும் தாழ் இருந்ததில்லை என்றார். கேட்டால் புழுக்கம் என்பாராம்.

பிறகு என்னிடம் கேட்டார்: "அவங்களை வெளிய எடுத்தாச்சுன்னு தமிழ்ல எப்படிச் சொல்றது?"

சொல்லிக்கொடுத்தேன். பிழையில்லாமல் வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே போய்க் கணவரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, மராத்தி வாடையோடு சொன்னார்: "வெளிய எடுத்தாச்சு."

சார் பேச்சை நிறுத்தினார். அத்தனை நாளில் முதல் தடவையாக மனைவியை அடையாளம் கண்டதுபோல் பார்த்தார்.

"உசுரோடயா?"

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்று அதற்குப் போதுமானதாக இருந்தது.

"ஆமா."

"பொய்," என்றார் சார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டுவார், புரண்டு படுக்க வைப்பார், பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொள்வார். என்னிடம் இன்னும் சில தமிழ்ச் சொற்கள் கேட்டு வாங்கினார். வலிக்குதா, பசிக்குதா, நான் இங்கதான் இருக்கேன். அந்தச் சம்பவத்தைப் பற்றி மட்டும் மறுபடி எதுவும் கேட்கவில்லை. மழை ஆரம்பித்த வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு மதிய வேளையில் சார் போய்விட்டார்.

சாகணிலிருந்தும் பிம்ப்ரியிலிருந்தும் தொழிற்சாலைச் சட்டையோடு பழைய மாணவர்கள் பைக்கில் வந்து குவிந்தார்கள். தெருவே அடைத்துக்கொண்டது. பாதிப்பேர் பத்தாவதில் ஒருமுறையாவது தோற்றவர்கள். பள்ளியின் இரங்கல் கூட்டத்தில் அவர் வீரத்தைப் பற்றித் தலைமை ஆசிரியர் நிறையப் பேசினார். என்னைக் கூப்பிட்டபோது தாபோடி வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மற்றது அந்த அம்மாளுடையது.

இறந்தவர்களுக்குப் படைக்கும் பித்ருபட்சத்தில் அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். போனபோது படையலுக்கு மூன்று இலை போட்டிருந்தது. புரோகிதர் மற்ற இருவரின் பெயரும் கோத்திரமும் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் தெரியாது, ஜவான்கள், அவரோடு இருந்தவர்கள் என்றார் அந்த அம்மாள். பெயரில்லாமல் எப்படி என்று புரோகிதர் தயங்கினார். அந்த அம்மாள் மூன்று இலையிலும் சமமாகச் சோறு வைத்துவிட்டு, ஆரம்பிக்கும்படி கையைக் காட்டினார்.