பாதித் தலையில் போன கரண்டு

பள்ளிக்கூடத்தில் ஷிபாவைக் ‘கதம்பை’ என்றுதான் கூப்பிட்டார்கள். உரித்த தேங்காயின் நார்க் கதம்பை மாதிரிச் சுருண்டு, சீப்பைப் போட்டால் திருப்பித் தராத முடி. தக்கலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்ததும், முடியை நேராக்கும் மிஷின் ஒன்று வாங்கினாள். பெண் பார்க்க வந்த டெனிஷ் கண்டது வழுவழுப்பான முடியைத்தான்.

கல்யாணம் முடிந்த கையோடு அவன் மஸ்கட் போய்விட்டான். வீடியோ காலில் சமாளிப்பது பெரிய பாடாக இல்லை. லீவில் வரும்போதுதான் விடியுமுன்னே எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு தலையைக் கருக்க வேண்டியிருந்தது. மாமியார் செல்லபாய்க்கு மட்டும் விஷயம் தெரியும்.

“பயலுக்குத் தெரியண்டாம் மக்கா” என்று அவளும் காவல் நின்றாள்.

டெனிஷின் தங்கை சுஜிக்குக் கல்யாணம். அன்று காலை அடைமழை. லீவில் வந்திருந்த டெனிஷ் முன்னாலேயே சர்ச்சுக்குப் போய்விட்டான். ஷிபா வலப்பக்கத்தை முடித்து இடப்பக்கத்தை எடுத்தபோது கரண்டு போனது. கண்ணாடியில் ஒரு பக்கம் அருவி, மறுபக்கம் புதர்.

“ஏட்டி, வண்டி வந்தாச்சு! முந்தானையப் போட்டு மூடு” என்றாள் செல்லபாய்.

“மூடினா ஒரு பக்கம் மட்டும் வீங்கித் தெரியும் மாமி.”

முதலில் ஷிபாவுக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சேலைமேல் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஓட்டிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரில் தலையைக் காட்டினாள். அருவி சுருண்டு புதரோடு சேர்ந்துகொண்டது.

சர்ச் வாசலில் இறங்கும்போது முடி பாதி காய்ந்து, குடை விரித்தாற்போல நின்றது. டெனிஷ் அவசரமாக அவளிடமே வந்தான்.

“அக்கா, ஷிபாவக் கண்டியளா?”

“அக்காவாமே! நல்லா பாருங்க.”

அவன் பின்பக்கம் சுற்றி வந்தும் பார்த்தான். “தலையில என்னத்த வச்சிருக்க?”

“எனக்க முடி. பிறந்தப்பவே உள்ளது.”

“அப்போ இதுவரைக்கும்?”

“அது கரண்டு.”

அவன் நம்பாமல் விரலை விட்டுப் பார்த்தான். கல்யாண மோதிரம் சிக்கிக்கொண்டது. அதற்குள் உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது. கை தலைமேலேயே இருக்க, இருவரும் போய் உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சுகமில்லை, புருஷன் கைவைத்து ஜெபிக்கிறான் என்று நினைத்துப் பின்வரிசைப் பெண்கள் உருக்கமாக ஜெபம் பண்ணினார்கள்.

“மெதுவா எடுங்க, பிய்க்கண்டாம்” என்றாள் ஷிபா.

“இருக்கட்டு” என்றான் டெனிஷ். “நல்ல மெத்துமெத்துன்னு இருக்கு.”

அதன்பிறகு அவள் முடியை நேராக்கவில்லை. லேபில் ஊசிக்கு அழும் பிள்ளைகள் அவள் சுருளை இழுத்து விளையாடுகிற நேரத்தில் ரத்தத்தை எடுத்துவிடுகிறாள்.

கல்யாண ஆல்பம் வந்தபோது செல்லபாய்தான் சண்டைக்கு வந்தாள். குடும்பப் படத்தில் ஷிபாவுக்குப் பின்னால் நின்றவள் அவள்.

“எனக்க மூஞ்சி எங்கட்டி?”

“பட்டுச்சேலை தெரியுதுல்லா மாமி!”