ஷிஃப்ட் கீயை எப்போது விடலாம்?

கம்ப்யூட்டரில் படம் திருத்தச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: சரியாக எழுதிய பாடத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தப்பாக எழுதியதைச் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். இணையத்தில் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். டி-ஷர்ட்டில் அச்சாக வேண்டிய படத்தைக் கலர் கலராகப் பிரித்துக் கொடுப்பது வேலை. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரரை, அதாவது பையரைக் கேட்டுப் பதில் வரும்வரை தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில்தான், போட்டோஷாப்பை முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கென்று தமிழில் ஒரு வலைப்பதிவு ஆரம்பித்தேன். பக்கத்து மேசை ஜெபா, நாசரேத் பக்கத்துக்காரி. மெர்ச்சன்டைசர் என்பதால் வெளிநாட்டு பையர்களோடு கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் பொறுப்பு. என் முதல் வாசகியும் அவள்தான், வேறு வழியில்லாமல்.

முதல் பின்னூட்டம்

படத்தைத் திறப்பது எப்படி, வேண்டாத ஓரத்தை வெட்டுவது எப்படி. இதுதான் முதல் பாடம். பத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அம்புக்குறி போட்டு, எழுத்துப்பிழை பார்த்து ஏற்றுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. ஏற்றிய பிறகு அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. ஏதோ பிரவுசிங் சென்டரில் பழைய கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறார். அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. அது தெரியாமல் நான் ஆசையோடு திறந்தேன். ஆங்கில எழுத்தில் ஒரே வரிதான் தட்டியிருந்தார்: “கட்டம் கட்டமா நல்லா வரைஞ்சிருக்கீங்க, பாடம் எப்பங்க போடுவீங்க?”

சைக்கிள் ஓட்டிய கரடி

மூன்றாவது பாடம் லேயர் பற்றியது. உதாரணத்துக்கு ஒரு படம் வேண்டும். என் திரையில் அப்போது திறந்திருந்தது சைக்கிள் ஓட்டுகிற ஒரு கரடி. யோசிக்காமல் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஜெபா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “ஏட்டி, இது பையரோட அடுத்த வருசத்துப் பிள்ளைக டிசைன்லா! இன்னும் கடைக்கே வரலையே!” வெளியே தெரிந்தால் என் வேலை மட்டும் போகாது, அந்த பையரே போய்விடுவார். யூனிட்டில் பாதி மெஷின் அவர் ஆர்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாடத்தை உடனே அழித்தேன். ஆனாலும் முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லடம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘ங்க’ கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். “எத்தனை பேருங்க அம்மிணி பாத்திருப்பாங்கங்க?” என்று கேட்டுவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பார்வையாளர் கணக்கைத் திறந்தேன். அந்தப் பக்கத்தை மொத்தம் பதினான்கு தடவை திறந்திருக்கிறார்கள். ஒன்பது நான். மூன்று ஜெபா. ஒன்று, சென்னையிலிருக்கும் என் தம்பி. நான்தான் போன் பண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மிச்சமிருந்த ஒருவர் ஐந்து விநாடியில் வெளியேறியிருந்தார். அண்ணன் விரலை விட்டு இரண்டு தரம் எண்ணினார். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்தார். “எனக்கு நிம்மதியாப் போச்சு அம்மிணி. உன்னையப் பாத்தாத்தான் பாவமா இருக்குது.”

பொங்கலூரிலிருந்து ஒரு போன்

கரடிக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கொய்யா மரம், ஜெபாவின் டிபன் பாக்ஸ் என்று சொந்தப் படங்களை மட்டுமே போட்டேன். மெதுவாக ஆட்களும் வரத் தொடங்கினார்கள். சந்தேகம் கேட்க வசதியாக இருக்கட்டுமே என்று பதிவின் மேலேயே என் செல் நம்பரைப் போட்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பென்று உங்களில் பலருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் பொங்கலூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்கிறார். முகத்தை வட்டமாக எடுக்க வேண்டும். ‘ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுங்கள், கச்சிதமான வட்டம் வரும்’ என்று நான் எழுதியிருந்தேன். வட்டம் வந்துவிட்டதாம். ஆனால் அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் கோணலாகப் போகிறதாம், கம்ப்யூட்டர் வேறு கீக்கீ என்று கத்துகிறதாம். கால் மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில்தான், “ஷிஃப்ட் கீயை விட்டுட்டீங்கதானே?” என்று கேட்டேன்.

நான் பாடத்தைத் திறந்து பார்த்தேன். பிடிக்கச் சொல்லியிருந்தேன், விடச் சொல்லி எந்த இடத்திலும் எழுதவில்லை. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எங்க மாமியாருதானுங்க அப்பப் புடிச்சு இன்னும் அமுத்திட்டே உக்காந்திருக்கறாங்க. மாட்டுக்குப் பால் பீச்சற நேரமாச்சு, விட்டரச் சொல்லட்டுங்களா?”

கை போன பிள்ளையார்

திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குகிற ஒருவர் என் பின்னணி நீக்கும் பாடத்தைப் படித்திருக்கிறார். மலேசியாவில் ஒரு கோயிலுக்குப் பிள்ளையார் செய்து முடித்து, போட்டோ அனுப்ப வேண்டிய நேரம். சிலைக்குப் பின்னால் ஒரு லாரி நின்றிருந்தது. சாமிக்குப் பின்னால் லாரி நன்றாகவா இருக்கும் என்று, நான் சொன்னபடியே, ஒரே நிறத்தை மொத்தமாகப் பிடிக்கிற மேஜிக் வாண்டால் தொட்டு அழித்து அனுப்பிவிட்டார். பட்டறைத் தூசியில் லாரியும் கல்லும் ஒரே சாம்பல் நிறம். லாரியோடு சேர்ந்து பிள்ளையாரின் ஆசீர்வாதக் கையும் போய்விட்டது.

ஊனமான சிலையைக் கோயிலில் வைக்க மாட்டார்கள். கமிட்டிக்காரர்கள் பதறிப்போய், அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு மாத உழைப்பு. அவர் என்னைக் கூப்பிட்டபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “திருத்தாத படம் இருக்குதுங்களா? அதையே அனுப்புங்க. கையைத் தனியா நாலு பக்கமிருந்தும் எடுத்து அனுப்புங்க” என்றேன். ஜெபாவிடம் சொல்லி, நடந்ததை விளக்கி நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் செல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். “கை இருக்குதுன்னு நம்பிட்டாங்க, அனுப்பச் சொல்லிட்டாங்க. லாரியும் கூட வருதான்னு கேக்கறாங்க, என்னங்க சொல்லட்டும்?”

சேவ் கொடுங்கள்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய அண்ணன் விபத்தில் இறந்து ஒரு மாதம். சாமி படங்களோடு மாட்டி வைப்பதற்காக, ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து அண்ணனின் முகத்தை மட்டும் வெட்டியிருக்கிறார். கடைசி வரியாக நான் எழுதியிருந்தது: ‘முடிந்ததும் சேவ் கொடுங்கள்.’ கொடுத்துவிட்டார். முழுப் படம் போய், முகம் மட்டும் மிஞ்சியது. கேமராவின் கார்டையும் அதற்குள் அழித்து வேறு படங்கள் எடுத்துவிட்டார்கள்.

வெட்டிப் போட்ட பகுதியில், அண்ணன் கையில் அவருடைய இரண்டு மாதக் குழந்தை இருந்தது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எடுத்த படம் அது ஒன்றுதான். ‘உங்களைக் குறை சொல்லவில்லை. திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று முடித்திருந்தார். வழி இல்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சிவப்பைப் பிரிக்க வேண்டிய இடத்தில் நீலத்தைப் பிரித்துக் கொடுத்து, அதையும் ஜெபாதான் பிடித்தாள்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்: “அவரு இதுக்கு முன்னால ஒனக்கு எழுதியிருக்காராட்டி?” தெரியவில்லை. எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்குப் பதில் போடுவதில்லை, அழிப்பதும் இல்லை. அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு கடிதம், திறக்காமலே கிடந்தது. ‘படம் இருட்டாக இருக்கிறது, எப்படி வெளிச்சமாக்குவது?’ கூடவே படம் இணைப்பு. திறந்தேன். கல்யாணப் பந்தல், வெள்ளைச் சட்டையில் ஒருவர், அவர் கையில் துண்டில் சுற்றிய குழந்தை. முழுப் படம். ஜெபா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். தன் சென்ட் ஃபோல்டரில் பார்த்திருந்தாலே அவருக்கும் கிடைத்திருக்கும். பதற்றத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

வெளிச்சமாக்கி, இரண்டு பிரதியாக அனுப்பினேன். கூடவே, பதில் போடாததற்கு ஒரு மன்னிப்பும். மறுநாள் அவருடைய செல்லிலிருந்து அண்ணியே பேசினார். முதலில் அழுகை. பிறகு நிதானமாகச் சொன்னார்: “எம் பையன் பெருசாகி, எங்கப்பா என்னையத் தூக்குனாரான்னு கேட்டா, காட்டறதுக்கு இருக்குதுங்க. அது போதுமுங்க.”

அந்த வாரமே முப்பத்தொரு பாடங்களையும் திறந்து, ஒவ்வொன்றிலும் முதல் வரியாக ‘படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்’ என்று சேர்த்தேன். எல்லாவற்றையும் ஜெபா வரிசையாகப் படித்துப் பார்த்தாள். “இப்பந்தாம்ட்டி இதுல உருப்படியா ஒரு வரி எழுதியிருக்க.”

நான் எழுதியதில் எத்தனை பேர் போட்டோஷாப் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் படித்தும் எல்லோரும் ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிட்டார்கள் என்பதுதான் நான் இன்றைக்கும் தைரியமாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே சாதனை.