வாரிசு வேலை

என் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். தலைமாட்டில் என் மனைவி. கால்மாட்டில் மகன், இருபத்து நான்கு வயது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன். வாசற்படியில் மனைவியின் தம்பி, பேராவூரணியிலிருந்து இளநீர்க் குலையோடு வந்தவர். ஐந்தாவது ஆள் சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். என் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாமான் மூட்டையை ரயிலில் கொண்டுவந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் கரித்தூள். கண் பாதி திறந்திருந்தது. வாய் அசையவில்லை. நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

எங்கள் சுரங்கம் வடக்கே, ஒன்றரை நாள் ரயில். அரசாங்கத்துச் சுரங்கம். பூமிக்கு அடியில் இறங்கி நிலக்கரி வெட்டுவது. அந்த மாதக் கடைசியோடு மூடுவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேலையில் இருக்கும்போது ஒருவன் செத்தால் பிள்ளைக்கு வாரிசு வேலை உண்டு, பக்கத்துச் சுரங்கத்தில். மூடிய பிறகு செத்தால் கிடையாது. எனக்கு வேலை வந்ததும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் கூரை சரிந்து அப்பா செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்து, மறுமாதம் அவர் ஷிப்டிலேயே இறங்கினேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

“மாமா, முப்பதாம் தேதி ஆனாலும் செல்லுமா?” மகன் கேட்டான்.

“செல்லும்டா. அன்னிக்கு வரைக்கும் அவரு பேரு சுரங்கத்து ரோல்ல இருக்கு,” என்றார் என்னோடு வேலை பார்த்தவர்.

“ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா சர்டிபிகேட்ல தேதிய மாத்திக்கலாம்ல?” இது அண்ணன்.

“அதுக்கும் மொதல்ல சாவணும்ல,” என்றார் மைத்துனர்.

யாரோ சிரித்தார்கள்.

மகனுக்கு இந்த விதியைச் சொன்னதே நான்தான். அவன் படித்த படிப்புக்கு வேலை இல்லை. அறுவடை மிஷினோடு ஆறு வாரம் போவான், பிறகு சும்மா. அதனால் நானும் முயன்று பார்த்தேன். மூச்சை விட்டுவிட்டு இழுக்காமல் கிடந்தேன். அது தானாக உள்ளே வந்தது.

மறுநாள் பால் ஊற்றினார்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன். போக வேண்டியவன் இழுத்துக்கொண்டே கிடந்தால் ஏதோ ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்பார்கள் எங்கள் பக்கம். மண்ணாசை என்றால் அவன் மண்ணையே பாலில் கரைத்து ஊற்றுவார்கள். மகன் நடவு வயலில் போய் சேறு எடுத்துவந்தான். ஊற்றினார்கள். இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

“முப்பது வருஷம் அடியில கெடந்தவன். அவனுக்கு வயல் மண்ணு எப்படிக் கேக்கும்?” என்றார் அண்ணன். “அவன் மண்ணு வேற.”

என்னோடு வேலை பார்த்தவர் எழுந்து மூட்டையை அவிழ்த்தார். என் ஷூவை எடுத்து, பால் தம்ளரின் மேல் கவிழ்த்துத் தட்டினார். கரி உதிர்ந்தது.

“நீயே குடு தங்கச்சி. ஒன் கையால குடுத்தா சுலபமா போயிடுவாரு.”

“எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுங்க,” என்றாள் மனைவி.

கொடுத்தாள். வாயைத் துடைப்பதுபோல் முந்தானையை வைத்தாள். மூக்கையும் சேர்த்து அமுக்கினாள். எடுக்கவில்லை.

இருமல் வந்தது. அப்படி ஓர் இருமல் நான் இருமியதில்லை. கறுப்பாக, கட்டி கட்டியாக வந்தது. அவள் சேலையெல்லாம் ஆனது. பிறகு மூச்சு லேசானது.

“தண்ணி,” என்றேன்.

யாரும் நகரவில்லை.

“கேட்டுக்கிட்டேதான் கெடந்தியா?” என்றார் அண்ணன்.

தலையாட்டினேன். மகன் எழுந்து வெளியே போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மைத்துனர்தான் ஓர் இளநீரைச் சீவிக் கொண்டுவந்தார்.

“குடிங்க அத்தான். காரியத்துக்கு வர்றவங்களுக்குன்னு வெட்டியாந்தது.”

குடித்தேன்.

சொன்ன தேதியில் சுரங்கத்தை மூடினார்கள். வாயில் கான்கிரீட் போட்டு அடைத்ததாகப் போன் வந்தது. மகன் இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறான். என்னிடம் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது. மனைவி கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். நான் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சுரங்கம் மூடிய பிறகும் நான் உயிரோடு இருப்பது, இன்றோடு முந்நூற்றுப் பதினோரு நாள்.